ஓ139 காலரா

1992 அக்டோபரில் சென்னையில் முதன்முதலாகக் கொள்ளைநோயாகத் தலைகாட்டிய புதுவகை வாந்திபேதி. விப்ரியோ காலரே என்னும் கிருமியின் ஓ139 பிரிவால் வருவது. வங்கக் கடலோரப் பகுதிகளில் முதலில் கண்டறியப்பட்டதால் 'பெங்கால்' என்ற பெயரும் இதற்கு உண்டு. காலராவைக் கண்டறியும் முறையையும் தடுப்பு மருந்தையும் உலகெங்கும் திருத்தியெழுத வைத்த நோய் இது.

அதுவரை விப்ரியோ காலரேயில் 138 பிரிவுகள் அறியப்பட்டிருந்தன. அவற்றில் ஓ1 மட்டுமே கொள்ளைநோயைக் கிளப்பும் என்று பாடநூல்கள் கூறின. ஆய்வகங்களும் அதையே நம்பி இயங்கின. நோயாளியின் மலத்தைக் காரத்தன்மையுள்ள பெப்டோன் நீரில் சில மணி நேரம் வைத்து, பிறகு டிசிபிஎஸ் என்னும் பச்சை ஊடகத் தட்டில் இழுத்துவிடுவார்கள். மறுநாள் கிருமி மஞ்சள் புள்ளிகளாக முளைத்திருக்கும். அதில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் ஓ1 எதிர்ச்சீரத்தோடு கலந்தால், காலராவாக இருக்கும் பட்சத்தில் பால் திரிவதுபோல நொடிகளில் திரளும். திரளாவிட்டால் 'ஓ1 அல்லாத விப்ரியோ' என்று எழுதி முடித்துவிடுவது வழக்கம்.

1992இல் தட்டில் மஞ்சள் புள்ளிகள் முளைத்தன, சீரத்தில் திரளவில்லை. நோயாளிகளோ காலராவில் போலவே சில மணி நேரத்தில் உடல்நீர் வற்றித் துவண்டார்கள். அதிலும் பெரியவர்களே மிகுதி. காலரா நெடுங்காலமாக இருந்துவரும் ஊரில் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுவார்கள். பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி சேர்ந்திருக்கும். அந்த எதிர்ப்புச் சக்தி இந்தக் கிருமியிடம் செல்லவில்லை. 'இல்லை' என்ற முடிவை அப்படியே ஏற்றுக் கோப்பை மூடாமல், நோயாளியின் நிலையைப் பார்த்து மேலும் தோண்டியதே இந்தக் கண்டுபிடிப்பின் உயிர்நாடி. டி. ராமமூர்த்தி, ஜி. பாலகிருஷ் நாயர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1993இல் 'லான்செட்' இதழில் இதை அறிவித்தனர். ஜப்பானிய ஆய்வாளர்கள் 139 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். அதற்குள் நோய் கல்கத்தாவைக் கடந்து வங்கதேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியிருந்தது.

இந்நோய் முதலில் தலைகாட்டிய சென்னையில் காலராவும் தொண்டை அடைப்பானும் கண்டவர்கள் சேர்க்கப்படுவது தண்டையார்பேட்டையில் மாநகராட்சி நடத்தும் தொற்றுநோய் மருத்துவமனையில். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே, துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் நெருங்கி வாழும் பகுதி அது. இங்கே பல வீடுகளின் வாசலில் குடிநீர் வாரியக் குழாயோடு இணைத்த அடிபம்பு நிற்கிறது. குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் அதை அடித்தால், விரிசல் வழியே பக்கத்துக் கழிவுநீரும் உள்ளே இழுக்கப்படும். வாடை அடிக்கும் முதல் குடங்களைக் கொட்டிவிட்டுப் பிறகு பிடிப்பது பெண்களின் பழக்கம். வாடை போய்விட்டால் கிருமியும் போய்விட்டது என்று கொள்ள முடியாது. பிழை, தண்ணீர் அடிப்பவர்களுடையது அல்ல. அழுத்தமில்லாமல் கிடக்கும் பழைய குழாயினுடையது.

குழாயில் கழிவு கலப்பதைக் காட்டிக்கொடுக்கும் எளிய சோதனை குளோரின் சோதனை. குழாய் நீரில் ஆர்த்தோடோலிடின் சில சொட்டு விட்டால், குளோரின் மிஞ்சியிருக்கும்போது மஞ்சள் நிறம் வரும். இந்தியத் தரப்படி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். நீரேற்று நிலையத்தில் நன்றாக இருந்து தெருக்கோடியில் நிறமே வராவிட்டால், நடுவில் எங்கோ கழிவு கலந்து குளோரினைத் தின்றிருக்கலாம்.

ஓ139க்குப் பிறகு பரிசோதனை மாறியது. இப்போதுள்ள துரிதச் சோதனைப் பட்டை ஓ1, ஓ139 இரண்டுக்கும் தனித்தனிக் கோடு காட்டும். கால் மணி நேரத்தில் விடை கிடைக்கும். நச்சை உண்டாக்கும் மரபணுவைத் தேடும் பிசிஆர் இன்னும் நுட்பமானது. ஆனாலும் பட்டையை மட்டும் நம்பக் கூடாது. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதைச் சொல்வது இன்றும் வளர்ப்புத் தட்டுதான். மூன்றாவது ஒரு பிரிவு நாளை வந்தால் பட்டையில் கோடு விழாது. தட்டில் கிருமி முளைக்கும்.

தடுப்பு மருந்தும் அதேபோல் மாறியது. கொன்ற கிருமிகளைக் கொண்ட 'ஷாங்கால்' என்னும் வாய்வழி மருந்தில் இரு பிரிவுகளும் இருந்தன. 2009இல் இந்தியாவில் உரிமம் பெற்ற இம்மருந்து, இரண்டு வார இடைவெளியில் இரு தவணையாகத் தரப்பட்டது. கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் நடந்த ஆய்வில் ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 65 சதவீதப் பாதுகாப்பு அளித்தது. நல்ல மருந்துதான், குழாயை மாற்றும் வேலைக்கு அது ஈடாகாது.

எட்டாவது உலகக் கொள்ளைநோய் என்று அஞ்சப்பட்ட ஓ139, 2002இல் டாக்காவில் ஒருமுறை தலைதூக்கிப் பிறகு அருகிவிட்டது. ஓ1 காலரா இன்னும் தொடர்கிறது. நோய் கண்டவுடன் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. சிகிச்சையே இல்லாவிட்டால் கடும் நோயாளிகளில் பாதிப்பேர் வரை இறக்கலாம்.