குடத்தில் விழாத ஓலை



“புதியவர்கள் வந்தார்கள், ஊர் ஒழுங்கு போயிற்று.” தெருவிலும் அன்பியக் கூட்டத்திலும் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. புது மனைகளில் குடியேறியவர்களைப் பற்றியும், வேலை தேடி வடமாநிலங்களிலிருந்து வந்தவர்களைப் பற்றியும் நாமும் இப்படிச் சொல்லியிருக்கிறோம். இது சரிதானா?

நம் மதுராந்தகத்துக்கு வடமேற்கே, ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அவ்வூர்ச் சபை தன் விதிகளைச் சுவரில் கல்வெட்டாக வெட்டி வைத்தது. கி.பி. 919இல் எழுதிய விதிகளை 921இல் திருத்தியும் எழுதினார்கள். ஊரில் 30 குடும்புகள். இன்றைய வார்டுகள் போல. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். ஒரு சிறுவன் எடுப்பான். அப்படித் தேர்ந்த 30 பேரில் 12 பேர் ஆண்டு வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் விழாது.

ஆக, ஒவ்வோர் ஆண்டும் ஏரியின் பொறுப்பு புதுக் கைகளுக்குப் போயிற்று. அதற்குச் சபை அஞ்சவில்லை. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாத பழையவர்களையே விலக்கியது. அவர்களுடைய நெருங்கிய உறவினரையும் விலக்கியது.

அச்சபையை முழுதும் போற்றவும் முடியாது. அது பிராமணர் சபை. சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கே அதில் இடம். பெண்களுக்கும், நிலமின்றி வயலில் உழைத்தவர்களுக்கும், பிழைக்க வந்து குடியேறியவர்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. வாசலைத் திறந்தவர்களே வாசலை அடைத்தும் வைத்தார்கள்.

நம் நிலை என்ன? நம் விதிகள் சுவரில் இல்லை, பழையவர்கள் நெஞ்சில் இருக்கின்றன. திருவிழா வரி எவ்வளவு, தேர் தூக்குவது யார், கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யும் முறை யாருடையது என்று புதிய குடும்பத்துக்கு நாம் சொல்வதில்லை. தெரியாமல் தவறினால் மட்டும் குறை சொல்கிறோம். நம் கணக்கை யாரேனும் கேட்டாலோ, “நேற்று வந்தவருக்கு என்ன பேச்சு?” என்கிறோம்.

ஒழுங்கைக் கெடுப்பது புதியவரின் வருகை அல்ல. சொல்லப்படாத விதியும் காட்டப்படாத கணக்குமே கெடுக்கின்றன. ஆகவே இந்த ஞாயிறு புதிதாக வந்த ஒரு குடும்பத்தின் கதவைத் தட்டுவோம். நம் முறைகளைச் சொல்வோம், கணக்கைக் காட்டுவோம், ஒரு பொறுப்பையும் கொடுப்போம். அவர்கள் ஓலையும் குடத்தில் விழட்டும்.