கதவு கொண்டுவந்த வெற்றி!

ஆக்ராக் கோட்டையினுள்ளே ஓர் அறையில் வைக்கப்பட்டிருக்கிறது, ஓங்கி உயர்ந்த இணைக் கதவு ஒன்று. நுணுக்கமான மரவேலை. தாஜ்மகால் காணச் செல்வோர் கோட்டையையும் சுற்றி வருகின்றனர், கதவின் முன்னே சிறிது நிற்கின்றனர், நகர்கின்றனர். அந்தக் கதவுக்காக ஒரு காலத்தில் பிரகடனம் பிறந்தது, பட்டாளம் காவல் வந்தது, இலண்டன் பாராளுமன்றத்திலே மெக்காலே எழுந்து ஏளனமாரி பொழிந்தார் என்பதையெல்லாம் அவர்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? தோற்ற போரொன்றை வென்ற போராக்கிக் காட்டுவதற்காக, கஜினி நகரத்துக் கல்லறையிலிருந்து கழற்றிக்கொண்டு வரப்பட்ட கதவு அது!

முதல் ஆப்கானியப் போரை வகுப்பிலே நடத்தி முடித்த அன்று, மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "ஐயா, முடிவில் வென்றது யார்?" புத்தகத்தைப் புரட்டினேன். அதில் ஆண்டுகள் இருந்தன, விடை இல்லை. அவளுக்குச் சொல்லவேண்டியதையே இங்கு எழுதுகிறேன்.

1838-ம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், சிம்லா மலையிலிருந்து கவர்னர் ஜெனரல் ஆக்லண்டு பிரபு அறிக்கை ஒன்று விடுத்தார். காபூலை ஆளும் தோஸ்து முகமது பகைவரோடு கூடிச் சதி செய்கிறார்; ஹீராத் நகரைப் பாரசீகப் படை முற்றுகையிட்டிருக்கிறது; ஆகவே உரிமை மன்னராகிய ஷா ஷூஜாவை அரியணையில் அமர்த்துவோம்; அவரது ஆட்சி நிலைபெற்றதும் நமது படை திரும்பிவிடும்! அறிக்கையின் சாரம் இது. உள்ளூர உறுத்திக்கொண்டிருந்தது ரஷ்யாவைப் பற்றிய அச்சம். யார் இந்த உரிமை மன்னர்? 1809-லேயே அரியணை இழந்து, லூதியானாவிலே கும்பினியாரின் உபகாரச் சம்பளத்தில் உண்டு உறங்கிக் கிடந்தவர். இதனினும் விந்தை ஒன்றுண்டு. அறிக்கை வெளிவருமுன்பே, செப்டம்பரிலேயே, பாரசீகப் படை ஹீராத்தை விட்டு அகன்றுவிட்டது. நோய் போய்விட்டது என்ற சேதி வந்த பிறகும், வாங்கிய மருந்தைக் குடித்தே தீரவேண்டும் என்றார் ஆக்லண்டு!

படை சென்றது. படையினரில் மிகப் பலர் இந்தியச் சிப்பாய்கள். 1839 ஜூலை 23-ல் கஜினிக் கோட்டை வாயில் வெடிமருந்தால் தகர்ந்தது. ஆகஸ்டு 7-ல் வெள்ளையர் துப்பாக்கி நிழலிலே காபூலுக்குள் நுழைந்தார் ஷா ஷூஜா. சீமையிலிருந்து பட்டங்கள் வந்து குவிந்தன. ஆக்லண்டு பிரபுவுக்கு மேலும் உயர்ந்த பிரபுப் பட்டம், தளபதி கீனுக்குக் கஜினியின் பெயராலேயே ஒரு பிரபுப் பட்டம், அரசியல் தூதர் மெக்னாட்டனுக்கு ஒரு பட்டம். அடுத்த ஆண்டு தோஸ்து முகமதுவும் சரணடைந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அன்றோடு வரலாறு நின்றிருந்தால் மாணவியின் கேள்விக்கு விடை எளிது.

வரலாறு நிற்கவில்லை; படையும் திரும்பவில்லை. திரும்பினால் ஷா ஷூஜாவின் ஆட்சி ஒருநாளும் தாங்காது என்பதை வெள்ளையரே அறிவர். அறிவித்த வெற்றி மெய்யாயின் படை வீடு திரும்பியிருக்கவேண்டும். படை அங்கேயே பாசறை அமைத்துக் கிடந்ததே, வெற்றி பொய் என்பதற்குச் சான்று. செலவு ஏறிற்று. கணவாய்களைக் காத்துவந்த கில்சாய்த் தலைவர்களுக்குக் கொடுத்துவந்த பணத்தை 1841-ல் வெட்டினர், கணவாய் அடைபட்டது. நவம்பர் 2-ல் காபூல் கொதித்தெழுந்தது. அலெக்சாண்டர் பர்ன்ஸ் கொல்லப்பட்டார். டிசம்பர் 23-ல் மெக்னாட்டன் வீழ்ந்தார். 1842 ஜனவரி 6-ல் கொட்டும் பனியிலே வெளியேறினர்: படையினர் ஏறத்தாழ 4,500 பேர், அவர்களில் வெள்ளையர் சுமார் 700; படையைச் சார்ந்து பிழைத்தோர் 12,000 பேர்.

ஜனவரி 13-ல் ஜலாலாபாத் கோட்டையை நோக்கித் தள்ளாடும் குதிரைமீது வந்து சேர்ந்தார் டாக்டர் பிரைடன். 1879-ல் எலிசபெத் பட்லர் என்னும் மாது தீட்டிய ஓவியத்தால் அக்காட்சி உலகறிந்ததாயிற்று. ஒருவரே மீண்டார் என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். எழுதட்டும்! சிறைப்பட்ட வெள்ளையர் நூற்றுக்கு மேற்பட்டோர் பின்னர் மீட்கப்பட்டனர். உறைபனியிலே கைகால் இழந்து தப்பிய சிப்பாய்களும் உண்டு. அடிமைகளாக விற்கப்பட்டோர் உண்டு. காபூல் தெருக்களிலே பிச்சையெடுத்தோர் உண்டு. அந்தப் 12,000 பேர் யார்? கூடாரம் சுமந்தவர், சோறு சமைத்தவர், துணி வெளுத்தவர், குதிரைக்குப் புல் அறுத்தவர், அவர்தம் மனைவி மக்கள். ஷா ஷூஜா அரியணை ஏறினாலென்ன, இறங்கினாலென்ன அவர்களுக்கு? வெற்றி என்று முழங்கியபோதும் அவர்களைக் கேட்கவில்லை. தோல்வி என்று அழுதபோதும் அவர்களை எண்ணவில்லை. போரின் செலவோ இந்திய வரிப்பணத்தின் தலையில் விழுந்தது.

ஏப்ரலில் ஷா ஷூஜாவும் கொலையுண்டார். புதிதாக வந்திருந்த கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ பிரபு, படையைத் திருப்பி அழைக்கவே விரும்பினார். ஆயினும் மானம் போகிறதே! கந்தகாரிலிருந்த தளபதி நாட்டுக்கு எழுதினார்: பின்வாங்கலாம், வேண்டுமானால் கஜினி, காபூல் வழியாகப் பின்வாங்கலாம் என்று. பகைவனின் தலைநகருக்குள் புகுந்து பின்வாங்கும் அதிசயத்தைப் போர்க்கலை அதற்குமுன் அறிந்திருக்குமா, ஐயமே! செப்டம்பரில் இரு படைகள் காபூலை அடைந்தன, கைதிகளை மீட்டன, அக்டோபரில் புகழ்பெற்ற பெருங்கடைவீதியைத் தகர்த்துவிட்டுப் புறப்பட்டன. கடைக்காரர் செய்த குற்றம் யாதோ!

காபூலுக்குப் போகும் வழியிலேயே கஜினி முகமதுவின் கல்லறைக் கதவு கழற்றப்பட்டிருந்தது. 1026-ல் சோமநாதபுரத்திலிருந்து அவன் கவர்ந்து சென்ற சந்தனக் கதவு இதுவே, எண்ணூறாண்டு இழிவு துடைக்கப்பட்டது என்று மன்னர்களுக்கும் மக்களுக்கும் பிரகடனம் செய்தார் எல்லன்பரோ. கிறித்தவ ஆட்சியாளர், இந்துக்களை மகிழ்விக்க, முஸ்லிம் கல்லறையை உடைக்கிறார்! செத்துப்போன பகையைத் தோண்டியெடுத்து உயிரூட்டும் இந்த வேலையைத்தான் மெக்காலே 1843 மார்ச்சில் கண்டித்தார். கதவு எதிர்பார்த்த ஆரவாரத்தை எழுப்பவில்லை. சோமநாதபுரக் கோயிலோ அன்று பாழடைந்து கிடந்தது. கதவு ஆக்ராவோடு நின்றது. ஆய்ந்து பார்த்தோர் சொன்னதென்ன? மரம் சந்தனமன்று, தேவதாரு. வேலைப்பாடு கூர்ச்சரத்ததன்று, கஜினியினது. படையோடு சென்றிருந்த ராலின்சனே இதை ஐயுற்றார்.

கதவுக்கு வாய்த்த மரியாதை சிப்பாய்க்கு வாய்க்கவில்லை. சிந்துவைக் கடந்தவன், அயலார் கைச்சோறு உண்டவன் என்று திரும்பிவந்தோர் பலரை ஜாதியிலிருந்து ஒதுக்கிவைத்தனர் ஊரார். பொய்க்கதவு புனிதம், உயிர் தப்பி வந்த மனிதன் தீட்டு!

முடிவு? 1843-ல் தோஸ்து முகமது காபூலுக்குத் திரும்பி அரியணை ஏறினார். அகற்றத்தான் போர், போருக்குப் பின் அவரே மன்னர்! 1855-ல் அவரோடு கும்பினியார் நட்புடன்படிக்கை செய்தனர். 1857-ல் வடநாடு பற்றி எரிந்தபோது அவர் படையெடுக்காதிருந்தார். போர் தொடுக்காமலே பெற்றிருக்கக்கூடிய நட்பு, பல்லாயிரம் பிணங்களுக்குப் பின் கிடைத்தது. போர்க்களங்களை எண்ணினால் வெள்ளையர் வென்றவை பல. போனது எதற்காக, திரும்பியபோது அது இருந்ததா என்று கேட்டால், இல்லை. இந்தக் கேள்விதான் அளவுகோல். போனவன் நடுவழியில் மாற்றிக்கொள்ளும் அளவுகோல் செல்லாது.

பிற்காலத்தாரும் அம்மண்ணுக்குச் சென்றனர். 1979 டிசம்பரில் புகுந்த சோவியத் படை 1989 பிப்ரவரி 15-ல் வெளியேறியது. அவர்கள் விட்டுச்சென்ற நஜிபுல்லா ஆட்சி 1992 ஏப்ரல் வரை நின்றது. சோவியத் நாடோ 1991-லேயே மறைந்துவிட்டது! 2001 அக்டோபரில் அமெரிக்கா சென்றது பின்லேடனைத் தேடி. 2011-ல் அவன் கொல்லப்பட்டது பாகிஸ்தானத்திலே. அதன் பின்னும் பத்தாண்டு இருந்தார்கள். 2021 ஆகஸ்டு 15-ல் தாலிபான்கள் மீண்டும் காபூலில்.

மாணவிக்கு இங்கேதான் என்னால் எளிதில் விடை சொல்ல முடியவில்லை. அந்த இருபதாண்டில் இலட்சக்கணக்கான சிறுமியர் பள்ளிக்குச் சென்றனர். அந்நியப் படை போகவேண்டும் என்பதும் நியாயம். அது போன பின் அவர்கள் ஏட்டைப் பறித்தது கொடுமை. அந்நியன் வெற்றிக் கணக்கில் அந்தப் பள்ளிகளை எழுதிக்கொள்ள நான் ஒப்பமாட்டேன். 1921-லேயே காபூலில் பெண்கள் பள்ளி திறந்தவர் ஆப்கானிய மன்னர் அமானுல்லா. அரசி சுரையா துணைநின்றார். 1929-ல் அவரது அரியணை கவிழ்ந்தது. பெண் படிக்கவேண்டும் என்ற எண்ணம் கவிழவில்லை.

2022 மார்ச்சு 23-ல் உயர்நிலைப் பள்ளிகள் பெண்களுக்கும் திறக்கும் என்றார்கள். பையைத் தூக்கிக்கொண்டு சென்ற சிறுமியர் சில மணி நேரத்தில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதன் பின்னும் வீடுகளின் உட்கூடத்தில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, படித்த பெண்கள் படிக்கவேண்டிய பெண்களுக்குக் கணக்கும் எழுத்தும் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார்கள்.