வாட்டர் ஹீட்டர் வால்வு சொட்டுகிறதா? அடைத்துவிடாதீர்கள்!

ஆயர் ஈத்தாம், யோங் பெங், குளுவாங் வட்டாரத் தாமான் வீடுகளில் வாட்டர் ஹீட்டர் இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. வயதான பெற்றோர், கைக்குழந்தை உள்ள குடும்பங்கள், விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்புபவர்கள் என்று பலருக்கும் அது அன்றாடத் தேவையாகிவிட்டது. ஆனால், தொட்டியின் அருகே இருக்கும் சிறிய பித்தளை வால்வு என்ன வேலை செய்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதிலிருந்து நீர் சொட்டினால் ‘ஒழுகுகிறது’ என்று எண்ணித் துணியைச் சுற்றுவதும் மூடி போட்டு அடைப்பதும் உண்டு. அது வீட்டையே சேதப்படுத்தி, உயிருக்கும் ஆபத்தாக முடியக்கூடிய செயல்.

எந்த வகை ஹீட்டர்?

குளியலறைச் சுவரில் பொருத்தப்படும் உடனடி ஹீட்டரில் நீர் தேங்குவதில்லை, ஓடும்போதே சூடாகிறது. இந்த வகையில் பெரும்பாலானவற்றின் வெளிவாய் திறந்தே இருக்க வேண்டும். நீரை நிறுத்தும் குழாய் ஹீட்டருக்கு முன்னால்தான் இருக்கலாம். ஹீட்டருக்குப் பின்னால் குழாய் வைத்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும்.

மற்றொரு வகை, கூரைக்கு அடியில் வைக்கப்படும் தொட்டி ஹீட்டர். கூரை மேல் இருக்கும் சூரிய ஒளி ஹீட்டரும் இதே இனம்தான். மூடிய தொட்டிக்குள் நீர் சூடாவதால், இவற்றில்தான் அழுத்தப் பிரச்சினை அதிகம்.

அழுத்தம் ஏன் கூடுகிறது?

முதல் காரணம், நீர் சூடானால் விரிவடையும். 27 டிகிரியில் இருக்கும் 30 லிட்டர் நீரை 65 டிகிரிக்குச் சூடாக்கினால், அது சுமார் அரை லிட்டர் கூடுகிறது. தொட்டிக்குள் வரும் நீர் திரும்பிப் போகாதபடி ஒருவழி வால்வு தடுக்கும். நீரை அமுக்கிச் சுருக்கவும் முடியாது. கூடுதல் நீர் போக இடமில்லாமல் அழுத்தம் மளமளவென்று ஏறும். அப்போது பாதுகாப்பு வால்வு சிறிது திறந்து, அந்த நீரை வெளியே விடும். சூடேறும் நேரத்தில் விழும் சொட்டுகள் இதனால்தான்.

இரண்டாவது காரணம், உள்ளே வரும் நீரின் வேகம். 10 மீட்டர் உயரத்தில் உள்ள நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். ஷவரைவிட 3 மீட்டர் உயரத்தில் வீட்டு நீர்த்தொட்டி இருந்தால் கிடைப்பது 0.3 பார் மட்டுமே. அது போதவில்லை என்று சிலர் பம்ப் பொருத்துகிறார்கள். சிலர் சாலைக் குழாயிலிருந்து நேரடியாக இணைப்பு எடுக்கிறார்கள். சாலைக் குழாயின் அழுத்தம் எப்போதும் ஒரே அளவில் இருக்காது. ஊர் உறங்கும் இரவு நேரத்தில் பயன்பாடு குறைவதால் அழுத்தம் கூடும். (சாலைக் குழாயிலிருந்து பம்ப் வைத்து நேரடியாக நீரை உறிஞ்சுவதற்கு அனுமதியில்லை. பம்ப் வைப்பதென்றால் வீட்டுத் தொட்டிக்குப் பிறகுதான் வைக்க வேண்டும்.)

மூன்றாவது காரணம்தான் மிக ஆபத்தானது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதானால், நீர் நிற்காமல் சூடேறிக்கொண்டே போகும். மூடிய தொட்டியில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் நீராகவே இருக்கும். தொட்டி பிளந்தால் அந்த நீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடத்தை அடைக்கும். தொட்டி வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போவது இப்படித்தான்.

செம்பனை ஆலையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. பழக்குலைகளை அவிக்கும் நீராவியைத் தரும் கொதிகலனில் பாதுகாப்பு வால்வு இருக்கும். அதைக் கவனிக்கத் தகுதிச் சான்றிதழ் பெற்றவர் இருப்பார்; அரசாங்க அதிகாரி வந்து சோதிப்பார். வீட்டுத் தொட்டிக்கோ அப்படி யாரும் வருவதில்லை. அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது.

எது இயல்பு, எது ஆபத்து?

சூடேறும்போது மட்டும் சில சொட்டுகள் விழுந்து, பிறகு நின்றுவிட்டால் அது இயல்பு. வால்வு தன் வேலையைச் செய்கிறது.

ஹீட்டர் அணைந்திருக்கும்போதும் இரவு பகலாகச் சொட்டினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். வரும் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கலாம்; அல்லது வால்வின் வாயில் மண் சிக்கியிருக்கலாம். நீர் விநியோகத் தடைக்குப் பிறகு கலங்கலான நீர் வரும் நாள்களில் இரண்டாவது அடிக்கடி நடக்கும்.

கொதிநீரோ ஆவியோ பீறிட்டு வந்தால் அது அவசர நிலை. உடனே ஹீட்டரின் மின் சுவிட்சை அணைக்க வேண்டும். அருகில் யாரும் போகக்கூடாது. வால்வைத் தொடவும் கூடாது. நன்றாக ஆறிய பிறகு, பதிவு பெற்ற மின் பணியாளரை அழைத்துச் சோதிக்க வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் ஒரு சொட்டும் விழவில்லை என்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. சுண்ணாம்புப் படிவோ துருவோ ஏறி வால்வு இறுகிப்போயிருக்கலாம்.

செய்ய வேண்டியவை

வால்வில் கைப்பிடி இருந்தால், ஆறு மாதத்திற்கு ஒருமுறை, நீர் ஆறியிருக்கும்போது அதை மெல்லத் தூக்கிப் பார்க்கலாம். நீர் வந்து, கைப்பிடியை விட்டதும் நிற்க வேண்டும். நீரே வரவில்லை என்றாலும், வந்த நீர் நிற்கவில்லை என்றாலும் வால்வை மாற்ற வேண்டும். புதிய வால்வின் அளவு, ஹீட்டரின் தகட்டில் எழுதியுள்ள அதிகபட்ச அழுத்தத்தைத் தாண்டக்கூடாது. ‘சொட்டாமல் இருக்கட்டும்’ என்று அதிக பார் கொண்ட வால்வைப் போடுவதும் அடைப்பதும் ஒன்றே.

வால்விலிருந்து வரும் வடிகுழாய் கீழ்நோக்கி, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் முடிய வேண்டும். அதன் நுனியில் குழாயோ மூடியோ இருக்கக்கூடாது. 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும் என்பதால், பிள்ளைகள் விளையாடும் பக்கம் அதைத் திருப்பக்கூடாது.

வரும் நீரின் அழுத்தம் அதிகமென்றால், பிளம்பரிடம் சொல்லி அழுத்தக் குறைப்பு வால்வு பொருத்தலாம். சூடேறும்போது விழும் நீரே தொல்லையென்றால், விரிந்த நீரை ஏற்றுக்கொள்ளும் சிறிய விரிவுத் தொட்டி கிடைக்கிறது. சொட்டுவதைக் குறைக்க இவையே சரியான வழிகள்.

நீர் சொட்டி மின்கம்பியில் படும் இடமாக இருந்தால் மின்கசிவு ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். ஹீட்டர் இணைப்புக்கு 10 மில்லி ஆம்பியர் அளவுள்ள மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். ஹீட்டர் வாங்கும்போது சிரிம் முத்திரையைப் பார்த்து வாங்குவது நல்லது.

பழைய வீட்டை வாங்குபவர்களும் வாடகைக்குப் போகிறவர்களும் சாவியைப் பெறும் நாளிலேயே ஏணி வைத்துத் தொட்டியைப் பார்த்துவிட வேண்டும். முன்பு இருந்தவர் வடிகுழாயை அடைத்து வைத்திருந்தால், அதைச் சரிசெய்யும்வரை ஹீட்டர் சுவிட்சைப் போடக்கூடாது.