பெயர் கூறாத வாக்காளர்

நம் நாட்டின் முதற் பொதுத்தேர்தல் 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் இமாசலப் பிரதேசத்து மலைப்பகுதியில் தொடங்கியது. பனி விழுந்து வழி அடைபடுமுன் அங்கே வாக்குப்பதிவை முடிக்க வேண்டியிருந்தது. பிற பகுதிகளில் அது 1952 பிப்ரவரி வரை நடைபெற்றது. வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ 17 கோடியே 32 லட்சம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். “படிப்பறியாதவன் ஆளத் தக்காரை எங்ஙனம் தெரிந்தெடுப்பான்?” என்று ஐயுற்றோர் பலர்.

அவ்வையத்தைச் சின்னங்கள் பெரிதும் நீக்கின. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. பெட்டியின்மேல் அவருக்குரிய சின்னம். நுகம் பூட்டிய இரட்டைக் காளை, குடிசை, மரம், விளக்கு ஆகியவற்றை அறியாத உழவன் உண்டோ? தான் விரும்பிய பெட்டியில் அவன் சீட்டை இட்டான். எழுத்தறியாமை வேறு, நன்மை தீமை அறியாமை வேறு என்பது அன்று விளங்கிற்று.

ஆயினும், சின்னத்தால் தீராத இடர் ஒன்று இருந்தது. வடமாநிலங்கள் சிலவற்றில் பெண்கள் பலர், அயலாரிடம் தம் பெயரை உரைத்தல் தகாது என்னும் வழக்கத்தால், “இன்னாரின் மனைவி”, “இன்னாரின் தாய்” என்றே வாக்காளர் பட்டியலில் பதிவாயினர். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதனை ஏற்கவில்லை. சொந்தப் பெயரைத் தெரிவிக்காத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அவர்கள் வாக்குரிமையைத் தாமே துறந்தவர் அல்லர், வழக்கத்தால் இழந்தவர்.

பட்டியலில் பெயர் இருந்தோரோ? பதிவான வாக்குகள் நூற்றுக்கு 45 அளவே. தொலைவும் நோயும் சிலரைத் தடுத்திருக்கலாம். ஆனால் எக்காலத்தும், “எனக்கு அரசியல் தெரியாது, தவறாக வாக்களிப்பதினும் வாளா இருத்தலே நன்று” என்பாரும் உளர். இக்கூற்றில் நேர்மை உண்டு. ஆயினும் இது பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஒருவர் வாளா இருப்பதால் தேர்தல் நின்றுவிடுவதில்லை. அவருக்கும் சேர்த்துப் பிறரே தெரிந்தெடுக்கின்றனர். தெரியாது என்று உணர்ந்தவர் செய்யத்தக்கது கேட்டறிதல். வேட்பாளர் எவரும் தக்காரல்லர் என்று ஆராய்ந்து முடிவு செய்தவர், அதனை வாக்குச்சாவடியிலேயே பதிவு செய்யவும் இப்போது வழியுண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவ்வாய்ப்பை அளித்தது. ஆராய்ந்து மறுப்பது ஒரு முடிவு. அறிய முயலாது வீட்டில் இருப்பது முடிவாகாது.

2019-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில், பெண்கள் வாக்களித்த விகிதம் ஆண்களின் விகிதத்தைச் சற்றே விஞ்சியது. தம் பெயரைச் சொல்லவும் கூசியிருந்த பாட்டியரின் பேத்தியரும் அவ்வரிசைகளில் நின்றிருப்பர். அறியாமை நீங்கக்கூடியது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? மாணவர்களே, நாளை உங்கள் பெயரும் அப்பட்டியலில் ஏறும். அன்று அழைப்பைக் கேட்டு எழுந்து செல்ல, இன்றே அறிந்து வைத்தல் உங்கள் கடன்.