லினக்ஸ் பூட்லோடர்கள்

கணினியை இயக்கியதும் லினக்ஸ் கெர்னலை வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கும் நிரலே பூட்லோடர். பழையதை வைத்திருப்பதா, புதியதற்கு மாறுவதா என்ற விவாதம் 30 ஆண்டுகளாக இதைச் சுற்றி நடக்கிறது. அதன் அடியில் கிடக்கும் கேள்வி ஒன்றுதான்: கெர்னல் வட்டில் எங்கே இருக்கிறது என்பதை யார் அறிந்திருக்க வேண்டும்?

வெர்னர் ஆல்மஸ்பெர்கர் 1992இல் எழுதிய லைலோவுக்குக் கோப்பு முறைமை எதையும் படிக்கத் தெரியாது. பழைய நிலைபொருளான பயாஸ் கொண்ட கணினியில் வட்டின் முதல் பிரிவு (செக்டர்) 512 பைட். நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். அந்த நெருக்கடியில், கெர்னல் கிடக்கும் இடங்களின் எண்களை லைலோ முன்கூட்டியே குறித்துவைத்துக்கொண்டது. கெர்னலை மாற்றியபின் லைலோ கட்டளையை மறுபடி ஓட்ட மறந்தால் கணினி எழாமலே போகலாம். தொடங்கும்போது லைலோ தன் பெயரை LILO என்று எழுத்தெழுத்தாகத் திரையில் இடும். இரண்டாம் எழுத்தோடு நின்றால், லைலோவின் இரண்டாம் கட்ட நிரல் ஏறியும் ஓடவில்லை என்று பொருள். பழுதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன நிரல்கள் அரிது.

குனு ஹர்ட் என்ற இயங்குதளத்தை ஏற்ற வழி தேடிய எரிக் போலின் 1995இல் கிரப்பை எழுதினார். அது கோப்பு முறைமையைத் தானே படித்தது. அமைப்புக் கோப்பில் பிழை இருந்தாலும் தொடக்கத் திரையிலேயே திருத்திக்கொள்ளலாம். லைலோவை அது வென்றது இதனால்தான். லினக்ஸ் வழங்கலான டெபியன் 2005இல் அதை இயல்பான தெரிவாக்கியது. 

அடியோடு மாற்றி எழுதப்பட்ட கிரப் 2, 2009இல் உபுண்டு 9.10 வழியாகப் பரவியது. கையால் திருத்திய எளிய பட்டியலின் இடத்தில் நிரல்கள் உருவாக்கும் நீண்ட கோப்பு வந்தது. பயனர்களின் மனக்குறை நியாயமானது. ஆயினும் ரெய்டு, எல்விஎம், குறியாக்கிய வட்டு ஆகியவற்றிலிருந்து ஏற்றப் பழைய கிரப்பால் ஈடுகொடுக்க முடிந்திராது.

பயாஸின் இடத்தில் யூஇஎஃப்ஐ வந்தபின் ஃபேட் பகிர்வைத் தாய்ப்பலகையின் நிலைபொருளே படிக்கிறது. ஆகவே 2012இல் கே சீவர்ஸும் ஹரால்ட் ஹோயரும் எழுதிய கம்மிபூட் என்ற பூட்லோடர் மிகச் சிறியதாக இருக்க முடிந்தது. 2015இல் அது சிஸ்டம்டி-பூட் ஆயிற்று. மறுபுறம், கிரப் 2 சேர்த்துக்கொண்ட திறன்களுக்கு விலையும் இருந்தது: அமைப்புக் கோப்பை அது படிக்கும் முறையிலிருந்த பிழை, பாதுகாப்பான தொடக்கத்தையே தாண்டவிடும் 'பூட்ஹோல்' ஓட்டையாக 2020இல் வெளிப்பட்டது.

சிஸ்டம்டி-பூட் பயாஸ் கணினிகளில் இயங்காது. அவற்றுக்குக் கிரப் 2 போன்றவை இன்றும் தேவை. லைலோவின் வளர்ச்சி 2015இன் இறுதியோடு நின்றது. ஆனாலும் 2022இல் வெளிவந்த ஸ்லாக்வேர் 15.0 அதைக் கைவிடவில்லை.