வாக்கு முன்னே, நிதி பின்னே: தெஹியோவிட்டத் தோட்டங்களும் உள்ளூராட்சியும்

மலையகத் தமிழர் வாக்குரிமை இழந்த வரலாறு 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களிலிருந்து தொடங்குவதாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. நாடாளுமன்றத்தை மட்டும் பார்த்தால் அது சரி. கிராமத்து மதகையும் கிணற்றையும் சந்தையையும் பார்த்துக்கொள்ளும் சபைகளை எடுத்துக்கொண்டால் வரலாறு அதைவிடப் பழையது. இழப்பதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளி அந்தச் சபைகளின் வாசலுக்கே வரவிடப்படவில்லை. கேகாலை மாவட்டத்தின் தெஹியோவிட்டப் பகுதியை மனத்தில் வைத்து, இந்த விலக்கு எந்தெந்த வடிவங்களில் நீடித்தது, 2018இல் எந்த அளவுக்குத் தளர்ந்தது என்பதை இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது.

தெஹியோவிட்டவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மலையக அரசியல் ஆய்வு என்றாலே அட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று உயரமான தேயிலை நாட்டுக்குப் போய்விடுகிறது. அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டைக்குப் போகும் பாதையோரம் உள்ள இந்தத் தாழ்நில ரப்பர் நாடு வேறு வகை. இப்பகுதி அடங்கிய களனிப் பள்ளத்தாக்கில் முதலில் தேயிலை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது சரிவுகளெல்லாம் ரப்பராயின. 1903இல் சிறுபாதை ரயில் எட்டியாந்தோட்டைவரை எட்டியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்தக் கிளைப்பாதை பெயர்த்தெடுக்கப்பட்டது. நுவரெலியாவில் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்க, இங்கே ஒவ்வொரு தோட்டத்தையும் சிங்களக் கிராமங்கள் சூழ்ந்திருக்கின்றன. விடியலில் பால் வெட்டப் போகும் தமிழ்த் தொழிலாளியும் கீழே வயலில் இறங்கும் சிங்கள விவசாயியும் ஒரே கடையில் அரிசி வாங்குகிறார்கள். உள்ளூராட்சிச் சட்டத்தின் முன் மட்டும் அவர்கள் இரு வேறு உலகத்தவராக இருந்தார்கள்.

ஆங்கிலேயர் பழைய கிராம மன்றங்களான கம்சபைகளுக்கு உயிர் கொடுத்தது முதலில் நீர்ப்பாசனத்துக்காக, 1856இல். 1871இல் கிராமச் சமுதாயங்கள் கட்டளைச் சட்டம் அவற்றைப் பொதுவான கிராம நிறுவனங்களாக்கியது. 1924இன் திருத்தத்துக்குப் பின் கிராமக் குழுக்கள் தேர்தல் அமைப்பாக வளர்ந்தன. அந்தத் தேர்தலில் ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் வாக்கில்லை. இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கும் இல்லை. முதலிரு சாராருக்கு அது பெரிய இழப்பல்ல. அவர்களின் செல்வாக்கு அரசாங்க அதிபரின் கச்சேரியிலும் சட்டசபையிலும் இருந்தது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்ததும் ஒரு விசித்திரம் தோன்றியது. குடியிருப்புத் தகுதியைக் காட்டிய இந்தியத் தமிழர் அரசாங்க சபைத் தேர்தலில் வாக்களித்தனர். 1939 அளவில் அத்தகைய வாக்காளர் ஏறத்தாழ 225,000 பேர். நாட்டின் சட்டமன்றத்துக்கு ஆளனுப்பக்கூடிய ஒருவர் தன் ஊர்க் கிராமக் குழுவுக்கு ஆளனுப்ப முடியாது.

இந்த முரண்பாடு 1937இல் வெளிப்படையாக வெடித்தது. உள்ளூர் நிர்வாக அமைச்சராயிருந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க கொண்டுவந்த திருத்தச் சட்டமூலம் ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் கிராமக் குழு வாக்கை அளிக்க முன்வந்தது; இந்தியத் தொழிலாளரை மட்டும் வெளியிலேயே நிறுத்தியது. இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது, இங்குள்ள இந்தியத் தலைவர்களும் எதிர்த்தனர். இனத்தின் பெயரால் ஒதுக்குவதாக எழுதப்பட்ட சட்டம் ஏகாதிபத்தியத்துக்குச் சங்கடமாயிற்று. முடிவில் வாசகம் மாற்றப்பட்டது: எந்த இனத்தவராயினும் தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளருக்கு வாக்கில்லை. தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருந்தவர்கள் பெரும்பாலும் யார் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல.

இந்த வாசக மாற்றத்தை நான் வெறும் தந்திரமாக மட்டும் பார்க்கவில்லை. அதன் பின்விளைவு அதைவிடப் பெரியது. இனத்தின் அடிப்படையிலான விலக்கு இடத்தின் அடிப்படைக்கு மாறியது. இன ஒதுக்கலை எதிர்த்துக் குரல் எழுப்பலாம். தோட்டம் என்பது துரையின் சொந்த நிலம், அங்கே பாதையும் தண்ணீரும் மருந்தும் துரையின் பொறுப்பு, கிராமத்து வரிப்பணம் அங்கே ஏன் போகவேண்டும் என்ற வாதத்துக்கு எதிராகக் குரல் எழுப்புவது கடினம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த சட்டத்திலும் இந்த வாதமே வேறு உடையில் நின்றது.

அக்காலக் கேகாலையில் இடதுசாரிகளின் கை ஓங்கியிருந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் இம்மாவட்டம் மிக மோசமாக அடிபட்டபோது நிவாரணத்துக்கு வந்த என்.எம். பெரேரா 1936இல் ருவான்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1947 பொதுத் தேர்தலில் தெஹியோவிட்டத் தொகுதியை இடதுசாரி ரெஜினால்ட் பெரேரா வென்றார். அதே தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பெற்ற ஏழு ஆசனங்களில் கேகாலை அடங்கிய சப்ரகமுவைக்கு ஒன்றும் இல்லை. இங்குள்ள தமிழ்த் தொழிலாளிக்குத் தன் இனத்தவர் ஒருவரை அனுப்பும் பலம் அன்றும் இருக்கவில்லை. அனுதாபமுள்ள சிங்கள உறுப்பினருக்கு வாக்களிக்கும் பலம் மட்டும் இருந்தது.

கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் இடையிலான கோடு எவ்வளவு கூர்மையானது என்பதை இதே மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டம் காட்டியது. கிராம விரிவாக்கத்துக்காக அரசாங்கம் அத்தோட்டத்தை எடுத்துக்கொண்டு, குடியிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. 1946இல் அதற்கெதிராகத் தோட்டங்களெங்கும் வேலைநிறுத்தம் நடந்தது. கிராமத்தவருக்கு நிலம் தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது; தோட்டங்களின் நடுவே நெருக்குண்ட கிராமங்கள் அவை. ஆயினும் 'கிராமம் விரிவதென்றால் தோட்டத்தவர் விலகவேண்டும்' என்ற கணக்கில் லயத்துக்காரர் கிராமத்தவராகவே எண்ணப்படவில்லை.

1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தமும் எஞ்சியதையும் எடுத்துவிட்டன. அதன் பின்னான நாற்பதாண்டுகளை இங்கே விரைவாகக் கடந்துவிடலாம். அவை நாடற்றவர்களின் காலம், உள்ளூராட்சி பற்றிய பேச்சே எழாத காலம். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அப்போது தோட்டமும் அரசின் சொத்து, கிராம சபையும் அரசின் அமைப்பு. இருந்தும் சபையின் பாதை தோட்ட எல்லையோடு நின்றது. 'தனியார் நிலம்' என்ற நியாயம் உண்மையிலேயே நிலவுடைமை பற்றியதாக இருந்திருந்தால் அந்த ஆண்டுகளில் அது கலைந்திருக்க வேண்டும்.

கிராம சபைகள் 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கு வழிவிட்டன. 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் 1988 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. 1988இன் இன்னொரு சட்டம் நாடற்றோரில் பெரும்பகுதியினருக்குக் குடியுரிமை அளித்தது. மீதியை 2003இன் சட்டம் தீர்த்தது. வாக்காளர் இடாப்பில் லயத்துப் பெயர்கள் ஏறத் தொடங்கிய வேளையிலேயே பிரதேச சபையும் பிறந்தது. 1991இல் முதல் தேர்தல். பிறகு 1997, 2002, 2006, 2011.

ஆனால் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. அதன் நடைமுறைப் பொருளை ஒரு 'மெம்பரின்' நிலையிலிருந்து பார்க்கவேண்டும். தோட்டத்தார் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியன சபையின் கடமை. கிராமத்து வாக்காளர் மதகு கேட்டால் மெம்பர் சபையில் பிரேரணை வைக்கலாம். லயத்து வாக்காளர் அதே மதகைக் கேட்டால், தேர்தலில் அவருடைய வாக்கைப் பெற்ற அதே மெம்பர் தோட்ட அலுவலகத்துக்குப் போய் மனேஜரிடம் கேட்டுப் பார்க்கலாம். தெருவிளக்கு தோட்ட எல்லையில் நின்றுவிடும். மயானத்துக்குப் போகும் வழி, பாலர் பாடசாலை, வடிகான் எல்லாம் இதே கதை. சபைக்குத் தோட்டக் காணிகளிடமிருந்து ஏக்கர் வரி அறவிடும் அதிகாரமோ இருந்தது! வரி வரும் வழி திறந்தும், செலவு போகும் வழி மூடியும் கிடந்தன.

அந்த முப்பதாண்டுகளில் தோட்டத்து உறுப்பினர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்ற குறை அடிக்கடி கேட்கிறது. ஓரளவு நியாயமும் உண்டு. தொழிற்சங்கத்தின் ஆளாக வந்தவர் சபையைவிடச் சங்கத்தையே பெரிதாக எண்ணினார். ஆனால் சட்டம் அவருக்குக் கொடுத்தது ஓர் ஆசனமும் ஒரு குரலும்தான். அந்தக் குரலும் பெரும்பாலும் சிங்களத்தில் ஒலிக்கவேண்டும். அரசியலமைப்பின் 16ஆவது திருத்தப்படி சப்ரகமுவையின் நிர்வாக மொழி சிங்களம். 1992இல் தோட்ட முகாமை மீண்டும் கம்பெனிகளுக்குப் போனபோது வீடமைப்பும் நலனும் கம்பெனிகளும் சங்கங்களும் அரசும் சேர்ந்த தனி நிதியத்திடம் ஒப்படைக்கப்பட்டன. நல்லெண்ணம் இருந்திருக்கலாம்; விளைவில் அது தோட்டத்தை உள்ளூராட்சிக்கு வெளியே வைத்திருக்க இன்னொரு காரணமாயிற்று.

33ஆம் பிரிவைத் திருத்தும் கோரிக்கையைக் கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் போன்ற அமைப்புகள் நெடுங்காலம் எழுப்பிவந்தன. 2018இல் திருத்தம் நிறைவேறிப் பிரதேச சபைகள் தோட்டங்களுக்குச் சேவை வழங்க வழி பிறந்தது. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் அதே ஆண்டிலேயே வந்தது. நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரு பெரிய சபைகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. தமிழர் செறிந்து வாழும் அங்கே அப்பிரிப்பின் பலன் உடனே தெரிந்தது. சிதறி வாழும் தெஹியோவிட்டவுக்கு அத்தகைய பரிகாரம் பொருந்தாது.

இங்கே தேர்தல் முறையே முக்கியம் என்பது என் கருத்து. 2011வரை இருந்த விகிதாசார முறையில் சிதறிய தோட்டங்களின் விருப்பு வாக்குகளை ஒரு வேட்பாளர் திரட்டிக்கொள்ள முடிந்தது. 2018 பெப்ரவரித் தேர்தலில் 60 விழுக்காடு வட்டாரங்களும் 40 விழுக்காடு பட்டியலுமான கலப்பு முறை வந்தது. தோட்டமும் கிராமமும் கலந்த வட்டாரத்தில் தோட்டத்து வேட்பாளர் தனித்து வெல்வது அரிது. அவர் நம்பவேண்டியது பட்டியலை, அதாவது கட்சித் தலைமையின் தயவை. பெண்களுக்கான 25 விழுக்காட்டு ஒதுக்கீடு இதில் ஒரு சிறு திறப்பு: நாடளவில் ஏறத்தாழ 2 விழுக்காடாயிருந்த பெண் உறுப்பினர் தொகை 2018இல் 20ஐத் தாண்டியது. பால் வெட்டும் பெண்ணுக்குப் பட்டியலில் இடம் கேட்க முதன்முறையாகச் சட்டத்தின் துணை கிடைத்தது.

2018இல் தெரிவான சபைகளின் காலம் நீடிக்கப்பட்டு 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லையெனத் தள்ளிப்போனது. இது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2025 மே 6இல் தேர்தல் நடக்கும்வரை இரண்டாண்டுகளுக்கு மேல் உறுப்பினர் இன்றிச் செயலாளர்களே சபைகளை நடத்தினர். திருத்தச் சட்டம் கைக்கு வந்து, பிறகு கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் சபைக் கலைவும் அடுத்தடுத்து வந்ததால், புதிய அதிகாரத்தைப் பயன்படுத்திப் பார்த்த காலம் மிகக் குறைவு.

நிலம் இன்னும் அரசுடையது, குத்தகை கம்பெனியுடையது. 53 ஆண்டுக் குத்தகைகள் 2045இல் முடிகின்றன. லயத்துப் பாதைக்குச் சபை பணம் ஒதுக்கினாலும், அந்தப் பாதை முறைப்படி சபையிடம் கையளிக்கப்படாதவரை, கொங்கிறீட் போடக் கம்பெனியின் சம்மதம் வேண்டியிருக்கிறது; மறு ஆண்டு அது உடைந்தால் யார் திருத்துவது என்ற கேள்வியும் எஞ்சுகிறது. நான்காண்டுப் பதவிக்காலக் கணக்கில் பார்த்தால், குத்தகை முடியுமுன் இன்னும் சில சபைகள் வந்துபோகும். குடியிருப்புப் பாதைகளையும் மயானங்களையும் நீர்நிலைகளையும் குத்தகைக் காணியிலிருந்து பிரித்து அளந்து, வர்த்தமானியில் அறிவித்துச் சபைக்கு எழுதிக்கொடுக்கும் வேலையை அவற்றில் எந்தச் சபையும் தொடங்கலாம்.