சுரங்கத் தூசியும் மருந்துக்கு மசியாத கிருமியும்

கோலார் தங்க வயலில் வாழ்ந்தவர்களுக்குத் தூசியைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியாரின் நிர்வாகத்தில் சுரங்க வேலை பெருகியபோது, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து அனுபவமிக்க சுரங்கக்காரர்கள் வந்தனர்; வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டை ஜில்லாக்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறின. பாறையைத் துளைக்கும் இயந்திரம் எழுப்பிய கல்தூசி இரு சாராரின் நுரையீரலிலும் வேற்றுமை பாராது படிந்தது. வீடுகளில்தான் வேற்றுமை, ஒருவருக்குப் பங்களா, மற்றவருக்கு நெருக்கமான லயன்.

அத்தூசியின் விளைவுக்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். 1940-களில் கோலாரில் நடந்த ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் பத்துக்கு நால்வருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. நுரையீரலுள் புகும் கிருமிகளை விழுங்கி அழிக்கும் உயிரணுக்களைச் சிலிக்கா கொன்றுவிடுகிறது. காவலிழந்த இடத்தில் காசநோய்க் கிருமி எளிதாகக் குடிகொள்ளுகிறது.

இவ்வுண்மையை முன்னரே கார்ன்வாலில் கண்டு கூறியவர்களுள் ஒருவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். சுரங்கத்தில் நச்சுக்காற்றை அறியச் சிறு பிராணிகளைக் கொண்டுசெல்லுமாறு யோசனை கூறியவரும் அவரே. துளையிடும் இயந்திரத்தின் தூசியே சுரங்கக்காரர்களின் நுரையீரல் நோய்க்கு முதற்காரணம் என்று 1904-இல் அவரும் அவருடைய சகாக்களும் அறிக்கை அளித்தனர். தூசியைத் தாத்தா ஆராய்ந்தார் என்றால், அத்தூசி வழிவிட்ட கிருமியை ஆராய்ந்தவர் அவருடைய மகள்வழிப் பேரர் டெனிஸ் மிச்சிசன். 1919-இல் பிறந்த இவர், காசநோய்க் கிருமி மருந்துக்கு மசியாது நிற்கும் விந்தையை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அதனை முறையாகச் சோதித்து 1948-இல் முடிவை வெளியிட்டது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர் நால்வர். படுக்கை ஓய்வு மட்டுமே பெற்ற 52 பேரில் 14 பேர். ஐந்து ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோதோ, முதற் பிரிவில் 32 பேரும் மற்றதில் 35 பேரும் மாண்டிருந்தனர். கைக்கெட்டிய வெற்றி எங்கே போயிற்று? மருந்து பெற்றவர்களில் கிருமி சோதிக்கப்பட்ட 41 பேரில் 35 பேரிடம், ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அசையாத கிருமிகள் தோன்றிவிட்டிருந்தன. இளம் மருத்துவராக லண்டனில் இக்கிருமிகளைச் சோதித்த மிச்சிசனுக்கு வாழ்நாள் பணி அங்கேயே வாய்த்தது.

இங்கே மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல். 'எதிர்ப்புச் சக்தி' என்று நாம் எழுதும்போது, அது நோயாளியின் உடலுக்கு உரியது என்றே பலரும் கொள்ளுகின்றனர். இங்கு எதிர்ப்பது உடலன்று, கிருமி. மருந்து அதற்குக் கற்றுக் கொடுப்பதுமில்லை. பெருகும் கிருமிகளில் சுமார் பத்து இலட்சத்துக்கு ஒன்று தற்செயலாக அம்மருந்துக்கு அசையாததாகவே பிறக்கிறது. நுரையீரலில் விழும் ஒரு குழியில் பத்துக் கோடி கிருமிகள் இருக்கக்கூடும். தனி மருந்து மற்றவற்றை அழிக்க, எஞ்சிய நூறு கிருமிகள் போட்டியின்றிப் பெருகிவிடுகின்றன. இரு மருந்துகளைச் சேர்த்தளித்தாலோ, இரண்டுக்கும் தப்புவது இலட்சம் கோடியில் ஒன்றாகிவிடும்.

அந்தக் கூட்டு மருந்தை ஏழை வீட்டில் ஒழுங்காக உட்கொள்ளச் செய்வது எங்ஙனம்? 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கூடி அமைத்த ஆய்வு மையம் இக்கேள்வியையே எடுத்துக்கொண்டது. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். 193 நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும் மற்றவர் தத்தம் வீட்டிலும் ஓராண்டு ஐசோனியாசிடும் பாஸும் உட்கொண்டனர். 1959-இல் முடிவு வெளிவந்தது: நெருக்கமான வீடு, எளிய உணவு, ஓய்வின்மை எல்லாம் இருந்தும் வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய இணையான பயனைத் தந்தது. உடன் வாழ்ந்தவர்களுக்கும் ஆபத்து கூடவில்லை.

இந்நோயாளிகளின் கிருமிகளை மிச்சிசன் லண்டனில் சோதித்தார். தென்னிந்தியக் கிருமிகள் கினிப்பன்றிகளிடம் பிரிட்டிஷ் கிருமிகளைவிட வீரியம் குறைந்திருந்தது அவர் கண்ட ஒரு வியப்பு. ஆயினும் அலுவலுக்குப் போகும் மனிதன், உடல் தேறியதும் மாத்திரையை மறப்பான். அதுவே மசியாத கிருமிக்கு வாசல். ஆகவே செவிலியர் கண்முன் வாரம் இரு முறை மருந்தளிக்கும் முறையும் சென்னையிலேயே சோதிக்கப்பட்டது. 1970-களில் ரிஃபாம்பிசினும் பைராசினமைடும் சேர, மிச்சிசனும் ஃபாக்ஸும் கிழக்காப்பிரிக்காவில் நடத்திய சோதனைகள் சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகச் சுருக்கின.

கல்தூசி படிந்த நுரையீரலுக்கு மட்டும் அந்த ஆறு மாதம் போதவில்லை. ஹாங்காங் சிலிக்கோசிஸ் நோயாளிகளிடம், சென்னை மையமும் பங்குகொண்ட ஆய்வு 1991-இல் இதனைக் காட்டியது. எட்டு மாதம் மருந்து பெற்றோரிடம் நோய் திரும்புவது குறைவு. கோலார்ச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. மிச்சிசன் 2018-இல் காலமானார். சுரங்கத்தை விட்டு வந்தவர் நெஞ்சில் படிந்த தூசியோ அவரோடேயே இருக்கிறது.